கோல்பி பேசினார், ஓல்னி பேசவில்லை

ஒரு வக்கீல் காலமானால் என்னென்ன நடக்கும் என்பது கோர்ட்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். பார் அசோசியேஷனில் கூடி இரண்டு நிமிடம் மௌனம் காப்பார்கள். சில மாதம் கழித்துப் படத்திறப்பு. அவர் பள்ளிக் கமிட்டியிலோ கூட்டுறவு வங்கியிலோ நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்திருந்தால் அங்கேயும் ஒரு தீர்மானம் நிறைவேறும்: அன்னாரின் மறைவு ஈடு செய்ய இயலாத இழப்பு. சுருக்கெழுத்துத் தட்டச்சராக இருந்த முப்பது சொச்ச வருடத்தில் இந்த வாக்கியத்தை எத்தனை தடவை அடித்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும், யாருக்கும் பொருந்தும்.

யாருக்கும் பொருந்துகிற வாக்கியம் ஒருவரையும் ஞாபகப்படுத்தாது. அவர் எந்த விஷயத்தில் எந்தப் பக்கம் நின்றார், ஏன் நின்றார், அதற்காக யாரோடு மனஸ்தாபம் வந்தது, இதெல்லாம் மாலை போட்ட படத்தில் தெரியாது.

இன்னொரு விதமான மரியாதை இருக்கிறது. ஆள் உயிரோடு இருக்கும்போதே உட்கார வைத்து, நிதானமாகக் கேள்வி கேட்டு, சொன்னதைப் பதிவு செய்து, தட்டச்சு செய்து, நூலகத்தில் வைப்பது. இதற்கு வாய்மொழி வரலாறு என்று பெயர். கலிபோர்னியாவில் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தன் பழைய வக்கீல்களுக்கு இந்த மரியாதையைச் செய்தது. அந்தக் கதையில் மூன்று வக்கீல்கள் வருகிறார்கள். ஒருவர் பேசிவிட்டுப் போனார். ஒருவர் பேசாமலே போய்விட்டார். மூன்றாமவர் காலத்தில்தான் இந்த வேலையை எப்படி முறையாகச் செய்வது என்பது பிடிபட்டது.

சியரா கிளப் 1892 மே 28 அன்று சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்டது. தொடக்க உறுப்பினர்கள் 182 பேர். தலைவர் ஜான் மியூர். ஸ்காட்லாந்தில் பிறந்து, சியரா நெவாடா மலைத்தொடரிலேயே மனதைப் பறிகொடுத்த மனிதர். இன்றைக்கும் கலிபோர்னியாவில் பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் ஒரு சங்கத்துக்கு மலையை நேசிக்கிறவர் மட்டும் போதாது. விதிமுறை எழுத வேண்டும், பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்தவர் வாரன் ஓல்னி என்ற வக்கீல். கிளப்பின் அமைப்பு விதிகள் கையெழுத்தானது அவருடைய அலுவலகத்தில்தான். முதல் துணைத் தலைவரும் அவரே.

வில்லியம் கோல்பி அடுத்த தலைமுறை. 1875-ல் பிறந்தவர், 1898-ல் சட்டப் படிப்பை முடித்தவர். அவருடைய தொழில் சுரங்கச் சட்டம். தங்கம் தோண்டி வளர்ந்த மாநிலத்தில் யார் நிலத்துக்கு அடியில் யாருடைய தாது ஓடுகிறது என்ற வழக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. பகலில் சுரங்க முதலாளிகளின் வழக்கு, மற்ற நேரமெல்லாம் மலையைக் காப்பாற்றும் வேலை. இரண்டையும் ஒரே மனிதர் ஆயுள் முழுக்கச் செய்தார்.

1900-ல் அவர் கிளப்பின் செயலாளர் ஆனார். 1946 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார், நடுவில் இரண்டு வருடம் மட்டும் தலைவர். இயக்குநர் குழுவில் 1949 வரை, ஆக 49 வருடம். 1901-ல் உறுப்பினர்களை மலைக்கு அழைத்துப்போகும் கோடைப் பயணத்தைத் தொடங்கிவைத்தவரும் அவர்தான். முதல் பயணத்தில் ஆணும் பெண்ணுமாக 96 பேர். மலையைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் அதற்காகப் பின்னால் கடிதம் எழுதுவார்கள், வாக்களிப்பார்கள் என்பது அவர் கணக்கு. 1929 வரை அந்தப் பயணங்களை அவரே நடத்தினார்.

மியூர் பெயர் உலகறிந்தது. அந்தப் பெயருக்குப் பின்னால் நடந்த காகித வேலை கோல்பியுடையது. ஓர் உதாரணம். 1864-ல் ஜனாதிபதி லிங்கன் யோசெமிட்டி பள்ளத்தாக்கைக் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்திருந்தார். 1890-ல் அதைச் சுற்றியிருந்த மலைப்பகுதி தேசியப் பூங்கா ஆனது. நடுவில் இருந்த பள்ளத்தாக்கு மட்டும் மாநில நிர்வாகத்தில், சரியான பராமரிப்பு இல்லாமல் கிடந்தது. அதை மத்திய அரசிடம் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்று மியூரும் கோல்பியும் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்கு நடையாய் நடந்தார்கள். ஒன்பது முறை போனதாக கோல்பி பிற்பாடு சொல்லியிருக்கிறார். ரயில்வே முதலாளி ஹாரிமனின் செல்வாக்கும் சேர்ந்தது. 1905-ல் மாநில செனட்டில் மயிரிழையில் மசோதா நிறைவேறியது. 1906-ல் மத்திய அரசு பள்ளத்தாக்கை ஏற்றுக்கொண்டது.

இப்போது கதையின் கசப்பான பகுதி.

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தண்ணீர் போதாது. ஸ்பிரிங் வேலி என்ற தனியார் கம்பெனிதான் நகரத்துக்குத் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்தது. நகராட்சியே சொந்தமாகத் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று சீர்திருத்தவாதிகள் பல வருடமாகப் போராடினார்கள். அவர்கள் கண்ணில் பட்ட இடம் ஹெட்ச் ஹெட்சி. நகரத்திலிருந்து சுமார் 160 மைல் தள்ளி, யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குள்ளேயே இருந்த இன்னொரு பள்ளத்தாக்கு. வாயை அடைத்தால் அணை, உள்ளே ஏரி. 1906 ஏப்ரல் 18-ல் பூகம்பம் வந்தது, அதைத் தொடர்ந்து தீ. நகரமே எரிந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? 1908-ல் உள்துறை அமைச்சர் அனுமதி கொடுத்தார்.

மியூரும் கோல்பியும் எதிர்த்தார்கள். தேசியப் பூங்கா என்று சட்டம் போட்டுப் பாதுகாத்த இடத்தையே மூழ்கடிக்கலாம் என்றால் அப்புறம் எந்தப் பூங்காவுக்குப் பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம்.

கிளப்பைப் பதிவு செய்துகொடுத்த வக்கீல் ஓல்னி எதிர்ப்பக்கம் நின்றார். அவர் 1903 முதல் 1905 வரை வளைகுடாவின் மறுகரையில் உள்ள ஓக்லாந்து நகரத்தின் மேயராக இருந்தவர். ஒரு நகரத்துக்குத் தண்ணீர் என்றால் என்ன என்று நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர். மலை மீது பற்று இல்லாதவர் அல்ல, கிளப்பையே தொடங்கிவைத்தவர். ஆனாலும் லட்சக்கணக்கான பேருக்குக் குடிதண்ணீர் முக்கியம் என்று நினைத்தார்.

கிளப் இரண்டுபட்டது. 1910 ஜனவரியில் உறுப்பினர்களிடம் தபாலில் வாக்கெடுப்பு நடந்தது. பள்ளத்தாக்கைக் காக்க வேண்டும் என்று 589 பேர், அணைக்கு ஆதரவாக 161 பேர். ஓல்னி விலகினார். தன் அலுவலகத்தில் பிறந்த சங்கத்தை விட்டு அவரே வெளியே போனார்.

கிளப்புக்குள் ஜெயித்த பக்கம் வெளியே தோற்றது. 1913 டிசம்பர் 19 அன்று ஜனாதிபதி வில்சன் அணைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு வருடமும் சில நாளும் கழித்து, 1914 டிசம்பர் 24 அன்று மியூர் இறந்தார். 1923-ல் அணை கட்டி முடிந்தது. 1934-ல் அந்தத் தண்ணீர் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து சேர்ந்தது. இன்றைக்கும் அந்த நகரத்தார் குடிப்பது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான்.

ஓல்னி 1921-ல் காலமானார்.

இனி பேட்டி எடுக்கும் பழக்கம் எப்படி வந்தது என்று பார்க்கலாம். அமெரிக்காவில் இதை ஓர் ஒழுங்கான வேலையாகத் தொடங்கியவர் ஆலன் நெவின்ஸ். பத்திரிகையாளராக இருந்து வரலாற்றுப் பேராசிரியர் ஆனவர். தினம் பேப்பரில் மரண அறிவிப்புகளைப் பார்க்கும்போதெல்லாம், இந்த மனிதரோடு எவ்வளவு விஷயம் போய்விட்டது என்று அவருக்குத் தோன்றுமாம். முந்தைய தலைமுறைத் தலைவர்கள் நீளநீளமாகக் கடிதம் எழுதினார்கள், வரலாற்றாசிரியர் அதை வைத்துக் கதையைக் கட்டலாம். டெலிபோன் வந்தபிறகு முக்கியமான பேச்செல்லாம் காற்றில் போகிறது. அதனால் ஆளிடமே போய்க் கேட்டுவிட வேண்டும் என்றார். 1948 மே மாதம் நியூயார்க்கில் ஜார்ஜ் மெக்கானி என்ற நகரப் பிரமுகரின் வீட்டுக் கூடத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் முதல் பேட்டி நடந்தது. ஒலிப்பதிவுக் கருவி இல்லை. நெவின்ஸ் கேட்டார், பிரமுகர் சொன்னார், ஒரு மாணவர் கையால் குறிப்பெடுத்தார். என்னைப் போன்றவர்களுக்கு இதைப் படிக்கும்போது ஒரு சந்தோஷம். இந்தத் துறையின் முதல் கருவி ஒரு பென்சில்.

கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பான்கிராஃப்ட் நூலகம் 1950-களின் முற்பகுதியில் இதே வேலையைத் தொடங்கியது. அவர்கள் ஆரம்பத்திலேயே தேடிப் பிடித்தவர்களில் ஒருவர் கோல்பி. அப்போது அவர் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். இயக்குநர் குழுவிலிருந்து விலகிச் சில வருடம் ஆகியிருந்தது. கொரின் கில்ப் என்ற வரலாற்றாளர் கேள்வி கேட்டார். சுரங்கச் சட்டம், சியரா கிளப், மாநிலப் பூங்காக்கள் என்று கோல்பி சொன்னதெல்லாம் தட்டச்சுப் பிரதியாகி அந்த நூலகத்தில் இருக்கிறது.

இதன் மதிப்பு என்ன? மியூரோடு மலையில் நடந்தவர்கள், ஒரே கூடாரத்தடியில் சாப்பிட்டவர்கள், சட்டமன்றத் தாழ்வாரத்தில் அவரோடு காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மியூரின் குரல் நமக்கு ஒலிப்பதிவாகக் கிடைக்கவில்லை. அவர் எழுத்து இருக்கிறது. ஆனால் எழுத்தில் வரும் மியூர் வேறு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மியூர் வேறு. அந்த இரண்டாவது மியூரைச் சொல்ல மிச்சமிருந்த சாட்சிகளில் முக்கியமானவர் கோல்பி.

சாட்சி என்ற சொல்லை யோசித்துத்தான் போடுகிறேன். கோர்ட்டில் சாட்சி சொல்வது எப்படி நடக்கும்? சாட்சி தன் பாஷையில் பேசுவார். நீதிபதி அதைக் கேட்டுச் சுருக்கி டிக்டேட் செய்வார், நாங்கள் அடிப்போம். “அந்த இருட்டுல நான் என்னத்தைய்யா கண்டேன், நாய் குலைச்ச சத்தம்தான் கேட்டுச்சு” என்று சாட்சி சொல்வார். “சம்பவத்தை நான் நேரில் பார்க்கவில்லை” என்று வாக்குமூலத்தில் வரும். சட்டத்துக்கு அது போதும். ஆனால் இருட்டும் போச்சு, நாயும் போச்சு. வாய்மொழி வரலாற்றில் இருட்டும் நாயும்தான் வேண்டும். கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானம் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கும். தீர்மானத்துக்கு முந்தைய நாள் ராத்திரி யார் யார் வீட்டுக்குப் போனார்கள் என்பது அதில் இருக்காது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கோர்ட்டில் ஒருவர் சொன்னதை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யும். அதில் தப்பி நிற்பதுதான் சாட்சியம். ஐம்பது வருடம் கழித்து ஒருவர் நினைவிலிருந்து சொல்வதை யார் குறுக்கு விசாரணை செய்வது? கோல்பி நேர்மையானவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் அவர் ஹெட்ச் ஹெட்சி சண்டையில் ஒரு கட்சிக்காரர். தோற்ற கட்சிக்காரர் வேறு. தோற்றவர் நாற்பது வருடம் அந்தக் கதையைத் தனக்குள்ளே சொல்லிச் சொல்லிப் பார்த்திருப்பார். தன் பக்கத்து வாதம் மெருகேறியிருக்கும், எதிர்ப்பக்கத்து வாதம் மங்கியிருக்கும். இது மனித சுபாவம், குற்றமில்லை.

இங்கேதான் ஓல்னி இல்லாத குறை தெரிகிறது. அவர் இறந்தது 1921-ல். நெவின்ஸ் பென்சிலைத் தூக்குவதற்கு 27 வருடம் முன்னால். ஓல்னியின் கடிதங்கள் இருக்கின்றன, நிலைப்பாடு தெரியும். ஆனால் எதிரில் ஒருவர் உட்கார்ந்து, “நீங்கள் ஆரம்பித்த சங்கத்தை விட்டு வெளியே வந்த அன்று வீட்டில் என்ன பேசிக்கொண்டீர்கள்?” என்று அவரைக் கேட்கவில்லை. அதனால் கிளப்பின் கதையைச் சொல்பவர்கள் எல்லோருமே மியூர், கோல்பி பக்கமிருந்துதான் சொல்கிறார்கள். ஓல்னி ஒரு வரியில் வந்து போகிறார். மேயராக இருந்து தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த ஒரு மனிதர் எதிர்ப்பக்கத்தவர் என்று மட்டும் மிஞ்சுகிறார். அவர் கெட்டவர் என்று யாரும் எழுதவில்லை. அவருக்குக் குரல் இல்லை, அவ்வளவுதான். விசித்திரம் என்னவென்றால், அவர் பேரனும் வாரன் ஓல்னி என்ற பெயருள்ள வக்கீல்தான். கலிபோர்னியா கவர்னராக இருந்து பின்னால் தலைமை நீதிபதியான ஏர்ல் வாரனின் காலத்தைப் பற்றி அந்தப் பேரனிடம் இதே பெர்க்லி நூலகம் விரிவாகப் பேட்டி எடுத்திருக்கிறது. பேரன் பேசினார். தாத்தாவிடம் கேட்க அன்று இப்படி ஒரு வழக்கமே இல்லை.

வரலாற்றில் நீண்ட ஆயுளும் ஒரு வாதம் என்று எனக்குத் தோன்றும். ஓல்னியை விட 43 வருடம் அதிகமாக இருந்தவர் கோல்பி. கடைசி வார்த்தை அவருடையது ஆயிற்று.

கோல்பிக்கு மற்ற மரியாதைகளும் கிடைத்தன. 1915-ல் மியூரின் நினைவாக மலை மேல் ஒரு நடைபாதை அமைக்கக் கலிபோர்னியா அரசு 10,000 டாலர் ஒதுக்கியது. அதற்காக உழைத்தவர்களில் கோல்பி முன்னணியில் இருந்தார். சுமார் 210 மைல் நீளமான அந்தப் பாதையில் நடப்பதை இன்றும் பலர் வாழ்நாள் ஆசையாக வைத்திருக்கிறார்கள். மாநிலப் பூங்கா ஆணையத்தின் முதல் தலைவர் அவர். பூங்கா நிலம் வாங்க 60 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் 1928-ல் வாக்களித்தது அவர் காலத்தில்தான். கிளப் ‘ஜான் மியூர் விருது’ என்று ஒன்றை ஏற்படுத்தி 1961-ல் முதல் விருதை அவருக்கே கொடுத்தது. ஒரு மலை, ஒரு கணவாய், ஒரு புல்வெளி அவர் பெயரில் இருக்கின்றன. 1964 நவம்பரில் 89 வயதில் காலமானார். கணவாய்க்குப் பெயர் வைத்தால் அந்தப் பெயர் நிற்கும், நியாயம்தான். ஆனால் அந்தக் கணவாயில் நடந்து போகிறவர் கோல்பி யார் என்று கேட்டால் பதில் சொல்வது கணவாய் அல்ல, நூலகத்தில் இருக்கிற அந்தத் தட்டச்சுப் பிரதி.

மூன்றாவது வக்கீலுக்கு வருகிறேன். ரிச்சர்ட் லெனார்ட். 1908-ல் பிறந்தவர். பெர்க்லியில் சட்டம் படித்த காலத்திலேயே பாறை ஏறும் பைத்தியம். கயிற்றில் தொங்கும் ஆள் விழுந்தால் மேலே இருப்பவர் கயிற்றை எப்படி விட்டுப் பிடிக்க வேண்டும் என்று நண்பர்களோடு ஊருக்குள் இருந்த பாறைகளில் விழுந்து விழுந்தே பழகியவர். 1934-ல் யோசெமிட்டியில் அதுவரை யாரும் ஏறாத ஹையர் கதீட்ரல் ஸ்பையர் என்ற கோபுரப் பாறையில் இரண்டு நண்பர்களோடு ஏறினார். 1938 முதல் 1973 வரை சியரா கிளப் இயக்குநர் குழு உறுப்பினர், நடுவில் இரண்டு வருடம் தலைவர். அவரோடு பாறை ஏறிய கூட்டத்தில் டேவிட் பிரௌவர் என்ற இளைஞரும் உண்டு.

1952-ல் கிளப் சம்பளத்துக்கு ஒரு நிர்வாக இயக்குநரை முதன்முதலாக நியமித்தது. அவர்தான் பிரௌவர். வந்தபோது உறுப்பினர்கள் சுமார் 7,000. அவர் போகும்போது 70,000-க்கும் மேல். கிராண்ட் கேன்யனில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்துப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். அதன் பலனாகக் கிளப் தன் வரிச்சலுகையை இழந்தது, ஆனால் அணை வரவில்லை. மனிதர் புயல். நிர்வாகக் குழுவைக் கேட்காமல் செலவு செய்கிறார், கேட்காமல் முடிவெடுக்கிறார் என்று குற்றச்சாட்டு வந்தது. குற்றம் சாட்டியவர்களில் பழைய நண்பர் லெனார்ட் ஒருவர், புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் இன்னொருவர். ஒருகாலத்தில் ஒரே கயிற்றில் உயிரைக் கட்டிக்கொண்டவர்கள் கூட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். 1969 தேர்தலில் பிரௌவர் அணி தோற்றது. மே மாதம் அவர் பதவி விலகினார்.

அறுபது வருடத்துக்கு முந்தைய ஹெட்ச் ஹெட்சிச் சண்டை திரும்ப வந்த மாதிரிதான். அதே கிளப், உள்ளுக்குள் அதே பிளவு, நடுவில் ஒரு வக்கீல். ஆனால் இந்தத் தடவை ஒன்று மாறியிருந்தது. 1970-களில் கிளப் வரலாற்றுக்கென்று ஒரு குழுவை வைத்தது. பெர்க்லி நூலகத்தின் பேட்டியாளர்களும், பயிற்சி எடுத்துக்கொண்ட உறுப்பினர்களுமாகப் பழைய ஆட்களிடம் வரிசையாகப் பேட்டி எடுத்தார்கள். சூசன் ஷ்ரெப்ஃபர் என்ற வரலாற்றாளர் லெனார்டிடம் பேட்டி எடுத்தார். அது 1975-ல் இரண்டு தொகுதியாக வந்தது. அதே ஷ்ரெப்ஃபர் பிரௌவரிடமும் போய் உட்கார்ந்து வருடக்கணக்கில் கேட்டார். ஆன்சல் ஆடம்ஸிடமும் பேட்டி எடுக்கப்பட்டது. பிரௌவருக்குப் பிறகு நிலைமையைச் சமாளித்த இளம் தலைவர் பிலிப் பெர்ரியும் ஒரு வக்கீல்தான், அவரும் 1980-களில் பேசினார்.

இவர்கள் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. பேட்டி எடுத்ததும் ஒத்துப்போக வைப்பதற்காக அல்ல. லெனார்டுக்குச் சங்கத்தின் கணக்கும் கட்டுப்பாடும் முக்கியம். பிரௌவருக்கு மலை முக்கியம், கணக்கு அப்புறம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவர் தானே தீர்ப்பு எழுதிக்கொள்ளலாம். ஒருவர் பேட்டி இன்னொருவருக்குக் குறுக்கு விசாரணை. லெனார்ட் 1993-லும் பிரௌவர் 2000-லும் போய்ச் சேர்ந்தார்கள். இருவரில் எவரும் ஓல்னி மாதிரி ஒரு வரியாகச் சுருங்கவில்லை.

என் அபிப்பிராயத்தில் மறைந்த ஒரு நிர்வாகக் குழு உறுப்பினருக்குச் செய்யக்கூடிய உயர்ந்த மரியாதை இதுதான்: அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே வைப்பது, அதோடு அவரோடு சண்டை போட்டவர் சொன்னதையும் பக்கத்திலேயே வைப்பது. தனியாகப் புகழ்ந்து வைத்தால் அது நினைவு மலர். பக்கத்தில் எதிர்வாதமும் இருந்தால் அது வரலாறு. வக்கீலாக வாழ்ந்த ஒருவருக்கு எதிர்வாதம் ஒன்றும் புதிதல்ல. அதைக் கண்டு அவர் பயப்படமாட்டார், அவர் சொந்தக்காரர்கள்தான் பயப்படுவார்கள்.

பெர்க்லி மாதிரி இடங்களில் கடைப்பிடிக்கும் சில முறைகளைப் படித்துப் பிரமித்தேன். ஒரு தொழில்காரனாக அவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பேட்டி எடுப்பவர் முதலில் வீட்டுப்பாடம் செய்ய வேண்டும். மினிட்ஸ், கடிதம், பத்திரிகைச் செய்தி எல்லாம் படித்துவிட்டுப் போனால்தான், “1910-ல் வாக்கெடுப்பு நடந்ததே, அதற்கு முன்னால்...” என்று பெரியவரின் ஞாபகத்தைத் தட்டி எழுப்ப முடியும். ஒரே நாளில் முடிக்கக் கூடாது. ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம், அப்புறம் ஒரு வாரம் கழித்து. நடுவில் அவருக்கே பல விஷயம் ஞாபகம் வரும். தட்டச்சுப் பிரதியைப் பேசியவரிடம் காட்டித் திருத்தம் வாங்க வேண்டும். பெயர், தேதி தவறு இருந்தால் சரிசெய்வார். ஆனால் பேச்சு நடையைச் செந்தமிழாக்க விடக்கூடாது, அப்படிச் செய்தால் மறுபடியும் நாய் போய்விடும். உயிரோடிருப்பவர்களைப் பாதிக்கும் விஷயம் ஏதாவது இருந்தால் அந்தப் பக்கங்களை இத்தனை வருடம் மூடி வைக்கிறோம் என்று எழுதிக் கொடுக்கலாம். அந்த உறுதி இருந்தால்தான் மனிதர் மனம் திறப்பார். ஒலிப்பதிவையும் பத்திரப்படுத்த வேண்டும். கொலம்பியாவில் ஆரம்ப காலத்தில் தட்டச்சு ஆனதும் டேப்பை அழித்து மறுபடி உபயோகித்தார்கள். டேப் விலை அதிகம் என்பது காரணம். பேசியவர் எந்த இடத்தில் தயங்கினார், எந்த இடத்தில் சிரித்தார் என்பது அதோடு அழிந்தது.

இன்றைக்கு டேப் விலை ஒரு பிரச்சினையே இல்லை, ஆளுக்கொரு செல்போன் இருக்கிறது. நம் ஊர்களில் பள்ளிக்கூடம், நூலகம், மருத்துவமனை அறக்கட்டளை எதை எடுத்தாலும் அதன் நிர்வாகக் குழுவில் ஒரு வக்கீல் இருப்பார். பத்திரம் எழுதியது அவராக இருக்கும், வழக்கு வந்தபோது கட்டணம் வாங்காமல் நடத்தியதும் அவராக இருக்கும். எண்பது வயதில் வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவரிடம் போய்க் கேளுங்கள். அவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இரண்டு தெரு தள்ளி இருக்கிற பழைய உறுப்பினரிடமும் கேளுங்கள். முதலில் யார் உடம்புக்கு முடியாமல் இருக்கிறாரோ அவரிடம் போவது நல்லது.

அப்படி யாரேனும் பதிவு செய்து வைத்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். தட்டச்சு செய்ய ஆள் இல்லை என்று நிறுத்தி வைத்திருந்தாலும் சொல்லுங்கள். விரல்கள் இன்னும் ஓடுகின்றன.